எங்கள் ஈபி ரெக்கார்டர்: அருமையான சிக்னல், அடங்காத ஃபில்டர்

ஈரோட்டில் கேத் லேப் (இதயத்துக்குள் கம்பி விட்டுப் பார்க்கும் அறை) டெக்னீஷியனாக இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ள, உங்ககிட்ட இருக்கிற அதே ஈபி ரெக்கார்டர் விலை இறங்கி வருதாம். வாங்கச் சொல்லட்டுமா?" ஈபி என்றால் கரண்ட் ஆபீஸ் இல்லை, எலக்ட்ரோபிசியாலஜி. இதயத்துக்குள் ஓடும் கரண்டைத் திரையில் கோடாகக் காட்டிப் பதிவு செய்கிற மெஷின்தான் இது. போனில் நான் சொன்ன பதில் அவ்வளவு மரியாதையாக இல்லை. அன்றுதான் ஆம்ப்ளிஃபையர் போர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு சர்வீஸ் ஆள் கிளம்பியிருந்தார். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எத்தனை சேனல், எத்தனை திரை என்பதெல்லாம் கொட்டேஷனிலேயே இருக்கும், அதுவும் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேலறையிலிருந்து கீழறைக்குக் கரண்டைக் கடத்தும் இழைக்கட்டுக்கு ஹிஸ் என்று பெயர். அந்த ஹிஸ் சிக்னல் இதில் வருகிற அழகு நான் கைவைத்த வேறு எந்த மெஷினிலும் வந்ததில்லை. வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வு ஓரமாக கேதீட்டரை (ரத்தக்குழாய் வழியாக உள்ளே விடும் மின்முனைக் கம்பி) நிறுத்தினால், மேலறையின் துடிப்புக்கும் கீழறையின் துடிப்புக்கும் நடுவே பொடியாக ஒரு கூர்முனை தெரிய வேண்டும். 1969-ல் ஷெர்லாக் குழுவினர் மனித இதயத்தில் கேதீட்டர் வழியாகப் பதிவு செய்து காட்டிய அதே முனைதான். அதிலிருந்து கீழறை துடிக்க ஆரம்பிக்கும் வரை 35 முதல் 55 மில்லிசெகண்ட் என்பது சாதாரண அளவு. ஈசிஜி பேப்பர் ஓடும் 25 மில்லிமீட்டர் வேகத்தில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். நாங்கள் 100-லோ 200-லோ ஓட்டுவோம். அந்த வேகத்திலும் கோடு நடுங்காமல், தடிக்காமல் நிற்கிறது.

ஏற்காடு காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்திருந்தார். வருடக்கணக்கில் திடீர் படபடப்பு. பயம்தான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே அவரை அனுப்பியிருக்கிறார்கள். கேதீட்டர் வழியாக நாங்கள் கொடுக்கும் கூடுதல் துடிப்பின் இடைவெளியை 10 மில்லிசெகண்ட் குறைத்ததும், மேலறையிலிருந்து ஹிஸ் வரை போகும் நேரம் ஒரே தாவாக 50-க்கு மேல் நீண்டது. மேலறையிலிருந்து ஹிஸ்ஸுக்குக் கரண்டை அனுப்பும் ஏவி நோடில் வேகமான பாதை கைவிட்டு, மெதுவான பாதை வழியாகப் போகிறது என்று அர்த்தம். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் "ஜம்ப்" என்று சொல்லிவிட்டோம். அவ்வளவு தெளிவு. மெதுவான பாதையைக் கேதீட்டர் முனையால் சுட்ட பிறகு அந்த அக்காவுக்குத் திரும்ப அது வரவில்லை.

சரி, இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கேஸ் திறக்கும்போது நாட்ச் ஃபில்டர் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நேற்று அணைத்தது, காலையில் அணைத்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது.

கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டுவதுதான் நாட்ச்சின் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேதீட்டரின் பைபோலார் சிக்னலை (இரண்டு மின்முனைகளுக்கு நடுவே எடுப்பது) நாங்கள் பார்ப்பதே 30 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. அந்த 50 இதற்கு உள்ளேதான் இருக்கிறது. இரைச்சலோடு சேர்ந்து சிக்னலிலும் ஒரு துண்டு போய்விடும். அதைவிட மோசம், கூர்மையான துடிப்பு ஒன்று வந்தால், மணியை அடித்த பிறகு ரீங்காரம் அடங்க நேரமாவது போல, பின்னால் குட்டி குட்டி அலைகள் தொங்கும். மாரடைப்பு வந்து தழும்பேறிய கீழறையில் டாக்டர் தேடுவதே அப்படிப்பட்ட பொடி சிக்னல்களைத்தான். சிக்னலின் உயரம் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல தசை, 0.5-க்குக் கீழே போனால் அடர்ந்த தழும்பு என்பது வழக்கமான கணக்கு. அந்தத் தழும்புக்குள் தாமதமாக வரும் சின்னத் துடிப்பு (லேட் பொட்டென்ஷியல்), சுட வேண்டிய இடமாக இருக்கலாம். அங்கே ஃபில்டரே ஒரு வாலை ஒட்டவைத்தால்?

"தம்பி, இது லேட் பொட்டென்ஷியலா, உங்க மெஷினா?" என்று டாக்டர் கேட்பார். நாட்ச்சை அணைப்பேன். வால் காணாமல் போகும். அவர் என்னைப் பார்க்கும் பார்வையை கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதயத்தில் கரண்ட் எங்கே முதலில் வந்தது என்று காட்டும் முப்பரிமாண கலர் மேப்பைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள். சிவப்பு முந்தியது, ஊதா பிந்தியது, பார்க்க ஜோராக இருக்கும். லேபைச் சுற்றிப் பார்க்க வரும் நிர்வாகத்தினர் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். மேப்பிங் கம்ப்யூட்டர் தனி, அதன் கணக்கும் தனி. ஆனால் சந்தேகம் வந்தால் டாக்டரின் கண் எங்கள் திரையின் கோட்டுக்குத்தான் திரும்பும்.

நியாயமாகச் சொன்னால், இரைச்சலுக்குக் காரணம் இந்த மெஷின் இல்லை. டிரிப் வார்மர், மேஜை மோட்டார், பவர் கேபிளோடு பின்னிக் கிடக்கும் கேதீட்டர் கேபிள், லூசான பின் என்று எங்கள் பக்கமே ஆயிரம் இருக்கிறது. நாட்ச் இல்லாவிட்டால் கோடு தடித்துக் காட்டிக் கொடுக்கும், ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம். நாட்ச் ஆனில் இருந்தால் லூசான பின் பாட்டுக்கு ஒளிந்துகொள்ளும்.

சர்வீஸ் ஆளிடம் சொன்னேன். "டிஃபால்ட்டுங்க, அடுத்த அப்டேட்ல சரியாயிடுங்க" என்றார். பாவம், கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? அப்டேட் வந்தது. பட்டன்களின் மூலைகள் வளைந்திருந்தன, ஐகான்கள் புதுசு. நாட்ச் அப்படியே. இப்போது போர்டு மாற்றியதில் நான் சேமித்து வைத்த டெம்ப்ளேட்டும் போய்விட்டது. ஹிஸ்ஸுக்கு மஞ்சள், கரோனரி சைனஸ் என்ற இதயச் சிரைக்குப் பச்சை என்று கண் பழகிய வரிசையெல்லாம் ஒரே வெள்ளையாகிக் கிடந்தது. மேஜையில் நோயாளி படுத்திருக்க, உட்கார்ந்து கலர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாப்ள, சிக்னலுக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனாலும் வாங்காதே.

விலையைப் பார்த்து உங்கள் நிர்வாகம் எப்படியும் வாங்கத்தான் போகிறது, அது எனக்குத் தெரியும். டெமோவுக்கு, செயற்கை சிக்னல் கொடுக்கும் சிமுலேட்டரை மாட்டினால் ஒத்துக்கொள்ளாதே, அதில் எல்லா மெஷினும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் மேஜையில், உங்கள் கேபிளில் ஓட்டச் சொல். நாட்ச்சை அணைத்து, கேஸை மூடி, வேறு பெயர் போட்டு மறுபடி திறக்கச் சொல். தானாக ஆன் ஆனால், சரிசெய்து தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்.