மனுச முடி எண்டு 42,000 ரூபாவுக்குப் பிளாஸ்டிக் வாங்கின கதை

விக் வாங்க யோசிச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள், முக்கியமா கீமோ நடக்கிற பொம்பிளையள், காசு அனுப்ப முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

முதல் கீமோ ஏத்தி மூண்டாவது கிழமை தலை வாரேக்க முடி சீப்போட கத்தை கத்தையா வந்தது. வரும் எண்டு தெரிஞ்சு முதலே பின்னலை வெட்டி, துணியில சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சிருந்தனான். ஏன் வைச்சனான் எண்டு அப்ப தெரியாது. பிறகு அதுக்கொரு வேலை வந்தது.

விக் கிடைச்சது பேஸ்புக் பக்கம் ஒண்டில. கொழும்பில கடையாம். வொய்ஸ் மெசேஜில ஒரு பிள்ளை, "100 வீதம் மனுச முடி அக்கா, கழுவலாம், அயன் பண்ணலாம், எண்ணெயும் வைக்கலாம். உங்கட நிலைமை விளங்குது, அதாலதான் 55 ஐ 42க்கு விடுறம்" எண்டவ. அந்த "அக்கா"வுக்குத்தான் நான் 42,000 குடுத்தது.

பொதி வந்தாப் பிறகு காசு குடுத்தாக் காணும் எண்டதால ஏமாற ஏலாது எண்டு நினைச்சன். ஆனா காசு கையில வந்தாத்தான் கூரியர்காரப் பொடியன் பொதியைத் தருவான். திறந்து பாத்திட்டுத் தாறன் எண்டா விடமாட்டான். அவனிலயும் பிழை சொல்லேலாது. திறந்தன். மினுமினு எண்டு ஒரு மினுக்கம், எல்லா முடியும் ஒரே மொத்தம், புதுப் பொம்மையின்ர மணம். அப்பவே யோசிச்சிருக்கோணும். கண்ணாடியில என்னை நானே கனநாளைக்குப் பிறகு பாத்த சந்தோசத்தில யோசிக்கேல்லை.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். வருத்தம் மாறினா வந்து பொங்குறன் எண்டு நேத்தி. கிளிநொச்சியில பஸ் ஏறி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போகோணும். அந்த வெயிலுக்கு விக்கைத் தலையில போட்டுக்கொண்டு இருக்கேலாது, கீழ வேர்த்து அரிச்சுக் கொல்லும். எப்பிடிக் கொண்டுபோறது எண்டு முதல் நாளே கடைக்காரப் பிள்ளையிட்டை வட்ஸ்அப்பில கேட்டனான். "சும்மா மடிச்சு பாக்குக்குள்ள வையுங்கோ அக்கா, ஒண்டும் நடக்காது." அப்பிடியே ஷொப்பிங் பாக்குக்குள்ள மடிச்சு வைச்சுக்கொண்டு, தலைக்குச் சால் கட்டிக்கொண்டு ஏறினன். சனம் ஏற ஏற கொண்டக்டர் என்ர பாக்கையும் வாங்கி எஞ்சின் மூடிக்கு மேல போட்டிட்டார். முள்ளியவளையில பெரியம்மா வீட்டில திறந்தா, பிடரிப் பக்கம் அப்பிடியே தும்புத்தடி. ஒரு மணித்தியாலம் இருந்து சிக்கெடுத்தம்.

அடுத்த நாள் கோயில் வளவில மூண்டு கல்லு வைச்சு, விறகு மூட்டி, பால் பொங்கி வரேக்க அரிசி போடக் குனிஞ்சன். நெருப்பு தொடேல்லை, வெக்கை மட்டும்தான். நெத்திக்கு மேல கிடந்த முடி சுருண்டு சுருண்டு மேல ஏறுது. பொலித்தீன் எரியிற மணம். பெரியம்மா "ஐயோ பிள்ளை!" எண்டு ஒரே இழுவையில கழட்டி எறிஞ்சா. அவ்வளவு சனத்துக்குள்ள மொட்டைத் தலையோட நிண்டன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. நேத்திக்கு மொட்டை எண்டு நினைச்சிருப்பினம். உப்புத்தண்ணியில விளக்கெரியிற கண்ணகி அம்மன்ர வாசலில, மதுரையை எரிச்சவவின்ர வாசலில, என்ர தலை எரியப் பாத்திச்சு எண்டு பெரியம்மா இப்பவும் சொல்லிச் சிரிக்கிறா.

கடைக்காரப் பிள்ளைக்குப் படம் அனுப்பினன். வந்த பதில்: "மனுச முடியும் நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனா எரியும்தானே." சரி எண்டு, வீட்டை வந்து அந்தப் பின்னலை எடுத்தன். அதில ஒரு முடி, விக்கில ஒரு முடி. சிரட்டைக்கு மேல பிடிச்சு நெருப்புக்குச்சி தட்டினன். என்ர முடி கோழி பொசுக்கிற மணத்தோட எரிஞ்சு, விரலால தேய்ச்சா சாம்பலாப் போச்சு. விக் முடி உருகிச் சுருங்கி, நுனியில கறுப்பு மணி ஒண்டு நிண்டது. நகத்தால நசிச்சாலும் உடையாது. வீடியோ எடுத்து அனுப்பினன். ரெண்டு நீலக்கோடு விழுந்தது. பிறகு அந்தப் பிள்ளையின்ர படம் மறைஞ்சுபோச்சு.

சிந்தெடிக் விக், அதாவது பிளாஸ்டிக் முடி விக், கூடாது எண்டு நான் சொல்லேல்லை. விலை குறைவு, பாரமில்லை, கழுவினாலும் அதே வடிவத்துக்கு வரும். தெரிஞ்சு வாங்கினா அடுப்படிக்குப் போகேக்க கழட்டி வைச்சிருப்பன். தெரியாம வாங்கினதுதான் வில்லங்கம். அதால, காசு குடுக்க முதல் ரெண்டு முடி வெட்டித் தபாலில அனுப்பச் சொல்லுங்கோ. மாட்டம் எண்டா விட்டிடுங்கோ.

கொண்டுபோற முறையை நான் பிறகுதான் பழகினன். அகலப்பல் சீப்பால நுனியில தொடங்கி மேல மேல வார வேணும். விக்கின்ர உள்தொப்பிக்குள்ள டிசு அடைஞ்சு, முடிக்கு வலை போட்டு, பருத்திப் பைக்குள்ள வைச்சு, அதை ஒரு கெட்டிப் பெட்டிக்குள்ள வையுங்கோ. பாக்கை மடியை விட்டு இறக்காதேங்கோ. போற இடத்தில ஸ்ராண்ட் இல்லாட்டி பால்மா ரின்னைக் கவிழ்த்து மேல மாட்டலாம். ஈரமா இருக்கேக்க சீப்பு வைக்காதேங்கோ, வெயிலில காயப்போடாதேங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி கேத்தலில வெள்ளையாப் படியிற தண்ணி, அதில கழுவினா முடியும் மங்கி முரடாப் போகும். கடைசி அலசலுக்கு நான் குடிக்க வாங்கிற ஆர்.ஓ (வடிகட்டின) தண்ணிதான் பாவிக்கிறன். பக்கத்து வீட்டுக்காரர் ஆடம்பரம் எண்டு நினைப்பினம், நினைக்கட்டும்.

இப்பிடி ஏமாந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில எடுக்கலாம். முறைப்பாடு எழுத்தில, வாங்கி 3 மாதத்துக்குள்ள குடுக்கோணும். பில்லும் கடை விலாசமும் கையில இருக்கோணும். என்னட்டை இருந்தது கூரியர் ஸ்ரிக்கரும் ஒரு போன் நம்பரும் மட்டும், அந்த நம்பரும் இப்ப வேலை செய்யேல்லை. பில் தராத இடத்தில 42 ரூபாவுக்குக்கூட வாங்காதேங்கோ.

முடி இப்ப அரை விரல் வளந்திட்டுது. அந்த விக் பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடக்கு, முன்பக்கம் பொசுங்கினபடியே. கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறவை, வாங்க முதல் ஒருக்கா வீட்டை வந்து தொட்டுப் பாத்திட்டுப் போங்கோ.