ஒப்பந்தக்காரரா, ராணுவத்தின் சொந்தக் கொள்முதலா?

அமெரிக்க எல்லைக் கோட்டைகளுக்கு ஆரம்பத்தில் உணவு தந்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். ஒரு ரேஷனுக்கு (ஒரு வீரரின் ஒரு நாள் உணவு) இவ்வளவு என்று பேசிவிட்டால் அரசுக்குத் தலைவலி இல்லை. ஆனால் சரக்கு வராவிட்டால் தளபதி கையைப் பிசைய வேண்டியதுதான். 1791-இல் ஒப்பந்தக்காரர் வில்லியம் டூயர் அரசு தந்த முன்பணத்தைத் தன் ஊக வணிகத்தில் போட்டார். பசியில் படையைவிட்டு ஓடிப்போனவர்கள் மாவு ஏற்றிவந்த குதிரைகளைக் கொள்ளையடிப்பார்களோ என்று பயந்து, தளபதி செயின்ட் கிளேர் தன் சிறந்த ரெஜிமெண்டையே பின்னால் அனுப்பினார். நவம்பர் 4 அன்று பூர்வகுடிகள் தாக்கியபோது அது களத்திலேயே இல்லை.

1818 சட்டம் ஜார்ஜ் கிப்சன் தலைமையில் ராணுவ உணவுக்கெனத் தனித் துறை அமைத்தது. ராணுவமே மொத்தமாக வாங்கி, சோதித்து, கிடங்கில் வைத்தது. கணக்கெழுதும் வேலை கூடியது, சரி. எனக்கு இதுதான் மேல்.