ஜாப்ளினில் ஒரு வருடம்: எங்கள் வானிலை ரேடியோ

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஜாப்ளின் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். டொர்னடோ (தரையைத் தொட்டுச் சுழன்று வரும் பயங்கரக் காற்று) வந்தால் ஒதுங்க வீட்டுக்கு நிலவறை கிடையாது. அதனால்தான் போன வருடம் இந்த வானிலை ரேடியோவை வாங்கினேன், சுமார் 35 டாலர்.

எச்சரிக்க ஊரில் சைரன் இருக்கிறதே, கையில் போன் இருக்கிறதே, இது எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். சைரன் வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது, ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிறவர் காதில் அது விழும் என்று நம்ப முடியாது. ரேடியோ அரசு வானிலை மையத்தின் ஒலிபரப்பை நேரடியாகப் பிடிக்கிறது, இணையம் வேண்டாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும்.

குறை என்றால் செட்டிங்தான். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால் வெள்ள எச்சரிக்கை, இடிமழை என்று எல்லாவற்றுக்கும் அலறும். முதல் மாதத்தில் இரண்டு ராத்திரி தூக்கம் போய், பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மெனுவுக்குள் போய் வேண்டாதவற்றை அணைத்த பிறகுதான் நிம்மதி. எந்தக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) என்பதற்கான எண்ணையும் நாமே போட வேண்டும்: ஜாஸ்பருக்கு 029097, நியூட்டனுக்கு 029145. ஜாப்ளின் இரண்டு கவுன்டியிலும் பரவியிருக்கிற ஊர், இரண்டையும் போடுங்கள்.

இந்த ஊரில் 2011 மே 22 பற்றிப் பேசாதவர்கள் இல்லை. ஞாயிறு மாலை 5:11க்கு முதல் சைரன். டொர்னடோ தரையைத் தொட்டது 5:34க்கு. நடுவில் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தும் பலர் உடனே ஒதுங்கவில்லை, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள் என்று பிறகு வானிலைத் துறை ஆராய்ந்து எழுதியது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேலான காற்று, 161 உயிர்கள். ஒரு சின்னக் கடையில் இருந்தவர்கள் பீர் வைக்கும் குளிர் அறைக்குள் நெருக்கியடித்து நின்று பிழைத்தார்கள். கன்னிங்ஹாம் பூங்காவில் இறந்தவர்களுக்காக 161 மரங்கள் நட்டிருக்கிறார்கள். அங்கே போய் நின்று பாருங்கள், ரேடியோ வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே வராது.

போன ஏப்ரலில் ராத்திரி இரண்டு மணிக்கு அது அலறியது, டொர்னடோ எச்சரிக்கை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நேராக ஜன்னல் பக்கம் போனாள். வேதாரண்யத்தில் கஜா புயலைப் பார்த்தவள், ஆனால் புயலுக்கு நாள் கணக்கில் முன்னறிவிப்பு உண்டு, இதற்கு நிமிடக் கணக்குதான். "அம்மா, பார்க்க வேண்டாம், வா" என்று கையைப் பிடித்து வீட்டின் நடுவில் இருக்கிற ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். மகனுக்கு சைக்கிள் ஹெல்மெட், எல்லோருக்கும் ஷூ, தலைக்கு மேல் மெத்தை. நாற்பது நிமிடம் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தோம், ரேடியோ அம்மா மடியில். அன்றைக்கு ஆலங்கட்டி மழையோடு போய்விட்டது, பக்கத்து வீட்டு வேலி மட்டும் சாய்ந்திருந்தது.

அப்புறம் ஒன்று, புதன்கிழமைகளில் பகலில் சோதனை ஒலி வரும், பயப்பட வேண்டாம். ஒரு புதனில் அது வரவில்லை, பார்த்தால் மகன் ஏரியலை மடக்கி வைத்திருந்தான். இப்போது ரேடியோ அலமாரியின் மேல் தட்டில், ஹெல்மெட்டும் அங்கேயே.