மலையில்லாத ஊரில் உயர்த்திய ஹைலக்ஸ்: ஆறு வருடம், 62,000 கிலோமீற்றர்

என்னுடையது 1994ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், மொடல் இலக்கம் எல்என்106. 2.8 லீற்றர் டீசல், ரேர்போ இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் முழு இரும்பு அச்சு, நாலு சில்லுக்கும் பிளேட் ஸ்பிரிங். 2012இல் வாங்கினேன். வீடு கோண்டாவிலில், தென்னங்காணி ஆழியவளையில். கிழமைக்கு ஒருதரமாவது பளைப் பக்கம் ஏ-9ஐ விட்டுத் திரும்பி, மருதங்கேணிப் பக்கம் போய் வருவேன்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் வாகனத்தை ஏன் உயர்த்த வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் காணிக்குப் போகும் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றரைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. உழவு இயந்திரம் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் வரம்பு மாதிரி மேடு. வைகாசி, ஆனியில் அந்தப் பள்ளம் முழுக்க மணல். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர். போகும்போது வெறும் வாகனம். வரும்போது உரிக்காத தேங்காய் நானூறு, அதோடு ஒன்றிரண்டு ஆட்கள். எப்படியும் அரை தொன் வந்துவிடும். பழைய பின் ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் நேராகி, பிறகு மறுபக்கம் வளையத் தொடங்கியிருந்தது.

2017இல் முதல் தவறைச் செய்தேன். குறைந்த செலவில் உயர்த்தித் தரலாம் என்று ஒரு கராஜில் சொன்னார்கள், நானும் சம்மதித்தேன். முன்னுக்கு நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சஸியோடு, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் துண்டு), பின்னுக்கு அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை. அரை நாளில் வேலை முடிந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வந்தது. ஷக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வாகனம் உயர்வது ஒரு அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் இறங்குகிறது. ஒரு முனை மட்டும் இறங்கும்போது அச்சும் சேர்ந்து கொஞ்சம் சுழலும், காஸ்டர் கோணம் (முன் சில்லு திரும்பும் அச்சின் சாய்வு) மாறிவிடும். என் ஸ்டியரிங் நேர்வீதியிலேயே ஓரிடத்தில் நிற்காமல் அலையத் தொடங்கியது. பின்பக்கம் வேறு கதை. பாரத்தோடு முதலாம் கியரில் இழுத்தால் அச்சு கட்டையோடு சேர்ந்து முறுக்கும், கீழிருந்து ஒரு இடி கேட்கும். ஒன்றரை வருடத்தில் பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் சாஃப்ற்றின் ஜொயின்ற் இரண்டும் போய்விட்டன.

எல்லாவற்றையும் விட என்னைப் பயப்படுத்தியது பிறேக். ஒரு பின்னேரம் தேங்காய்ப் பாரத்தோடு முகமாலைப் பக்கம் வரும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன். முன்பக்கம் நிலத்தைத் தொடுவது போலக் குனிந்தது, முன் சில்லுகள் இரண்டும் தேய்ந்து இழுபட்டன, பின்பக்கம் பிடித்ததாகவே தெரியவில்லை. மாட்டுக்கும் எங்களுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வாகனம் நின்ற இடம், நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக அப்பால்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாமல் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவர். இல்லாத பாகத்துக்காகக் காத்திருக்காமல், இருக்கிற பாகம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு அப்போது வந்தது. இன்றும் எங்கள் ஊரில் பழைய வாகனங்கள் இவ்வளவு ஓடுவதற்கு அந்தக் கைகள்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் வாகனத்துக்குக் கீழே போய்ப் படுத்து, என்னையும் கூப்பிட்டு, பின் அச்சிலிருந்து சஸிக்குப் போகும் ஒரு மெல்லிய தடியைக் காட்டினார். "தம்பி, இது பின் பிறேக்குக்குப் போற அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வின்ரை தடி. பாரம் ஏறினா வாகனத்தின்ரை பொடி இறங்கும், தடி சொல்லும் பாரம் இருக்கு எண்டு, வால்வு பின்னுக்குக் கூட விடும். நீர் பொடியை உயர்த்திப்போட்டீர். இப்ப அது எப்பவும் வெறும் வாகனம் எண்டுதான் நினைக்குது."

உயர்த்தும்போது அந்தத் தடியின் தாங்கியையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை மட்டும் வாசித்தாலும் எனக்குப் போதும்.

சரி, அடுத்து என்ன போடுவது என்று கேட்டேன். "உயரத்தைப் பிறகு பாப்பம். முதல்ல என்ன பாரம் ஏத்துறனீர் எண்டு சொல்லும்" என்றார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நெல் லொறி நிறுக்கும் இடத்துக்கு வாகனத்தைக் கொண்டுபோய் முன் சில்லுகளைத் தனியாகவும் பின் சில்லுகளைத் தனியாகவும் நிறுத்தேன். வெறுமையாக ஒருதரம், தேங்காயோடு ஒருதரம். என் முடிவு முழுக்க அந்த நாலு எண்ணில்தான் வந்தது. காசு கொடுத்து வாங்கிய எந்தப் பாகத்தையும் விட அந்த அரை மணித்தியாலம் பயன்பட்டது.

பழைய பிளேட்டைத் தட்டி வளைத்துப் போடுவது பற்றியும் யோசித்தேன். செலவு மிகக் குறைவு. ஆனால் சூடேற்றிப் பதப்படுத்தாமல் தட்டிய உருக்கு சில மாதத்தில் பழைய இடத்துக்கே போய்விடும். கெபினுக்கும் சஸிக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவது பெரிய ரயருக்கு இடம் தரும், தொய்ந்த ஸ்பிரிங்குக்கு ஒன்றும் செய்யாது. அதனால் ஸ்பிரிங், சொக் அப்சோபர் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

ஓல்ட் மேன் எமு தயாரிப்பைக் கொழும்பு வழியாக எடுப்பித்தேன். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்துடையது. இவற்றின் ஸ்பிரிங்குகள் பாரத்தின் அளவுக்கு ஏற்பத் தனித்தனியாக வருகின்றன. நான் பின்னுக்கு மிகப் பாரமானதைத்தான் கேட்கப் போனேன். எடை நிறுத்த கணக்கைப் பார்த்த மெக்கானிக் அண்ணை மறித்தார். நாலு நாளில் மூன்று நாள் நான் வெறும் வாகனம்தானே ஓடுகிறேன். ஆகவே பின்னுக்கு நடுத்தரம், முன்னுக்கு இலேசானது. முன்பக்கத்தில் பாரம் கூட்டும் புல்பாரோ (காப்புச் சட்டம்) வின்சோ (இழுவைக் கருவி) என்னிடம் இல்லை. 2019 ஐப்பசியில் பூட்டினோம். அடுத்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றுபோனது. இந்தப் பழைய வாகனத்தில் காசு போட்டதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

பூட்டும்போது அவர் விடாப்பிடியாக நின்ற விடயங்கள் சில. ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ற் எல்லாம் புதிது. ஒருதரம் இறுக்கி இழுபட்டது திரும்ப அதே பிடி பிடிக்காது. ஷக்கிள் போல்ற்றை ஜக்கில் தூக்கியபடி கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வாகனம் தன் பாரத்தோடு நிலத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் போல்ற்றைச் சுற்றியிருக்கும் இறப்பர் புஷ் எந்த நேரமும் முறுகியபடியே இருந்து கிழியும். பிறேக் குழாய்களை நீளமானதாக மாற்றினோம். 500 கிலோமீற்றரில் திரும்ப வந்து யூ-போல்ற்றை இறுக்கச் சொன்னார். முக்கால் சுற்று இறங்கியது.

முன் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்தேன். நீள ஷக்கிளையும் கட்டைகளையும் கழற்றியபின் பழைய ஸ்பிரிங்கில் இருந்த உயரத்தை விட 6 சென்ரிமீற்றர் கூட. அதில் பாதியாவது தொய்ந்துபோன உயரம் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓட்டம் உடனேயே வேறாகத் தெரிந்தது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், ஆனால் இறங்கி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொடிகாமம் சந்தைப் பக்கத்துக் குழிகளில் வெறும் வாகனம் முன்பு துள்ளும், இப்போது விழுந்து எழும்பி அடங்குகிறது. அம்மாவுக்குத்தான் கஷ்டம். கதவுப் படி உயர்ந்துவிட்டதால் ஏற முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் கிழமை இரண்டு பக்கமும் தாழ்ந்த மிதிபடி ஒட்டுவித்தேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் எதிர்பார்த்த அளவு மாற்றம் இல்லை. முழு அச்சு வாகனத்தில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் நடுவில் இருக்கும் டிஃப் குண்டு (இரண்டு சில்லுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்கள் உள்ள பகுதி) அதே உயரத்தில்தான் நிற்கும். அதை உயர்த்துவது ரயர் மட்டுமே. 31 அங்குல ரயரோடு நான் நிறுத்திக்கொண்டேன். ரேர்போ இல்லாத என்ஜினுக்கு அதற்கு மேல் பாவம். மணலில் என்னைக் காப்பாற்றுவது ரயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவதுதான். சஸியும் மட்காட்டும் மேட்டில் முட்டாமல் போவது, பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது மற்றது நிலத்தை விடாமல் இருப்பது, இவை ஸ்பிரிங் தந்தவை.

தண்ணீரில் ஏமாந்தேன். 2024 கார்த்திகை வெள்ளத்தில் காணிப் பாதையில் முழங்கால் அளவுத் தண்ணீர். உயர்ந்த வாகனம்தானே என்று இறக்கினேன். இரண்டு நாள் கழித்து பின் டிஃப் ஒயிலைக் கழற்றினால் பால்தேத்தண்ணி நிறம். சூடான டிஃப் தண்ணீரில் திடீரென்று குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, கிடைத்த வழியால் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அச்சு உயரவில்லை, அதன் மூச்சுக் குழாயும் உயரவில்லை. இப்போது அந்தக் குழாயை நீட்டிக் கெபின் உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்காதது உப்பு. கடற்காற்றும் மணலும் பிளேட்டுகளுக்கு நடுவில் புகுந்து துருவேற்றுகின்றன. இங்கே பலர் செய்வது போலப் பழைய என்ஜின் ஒயிலை அடித்துப் பார்த்தேன். மணல் அதில் ஒட்டி அரைத்தது, இறப்பர் புஷ்களும் ஊதிப்போயின. இப்போது காணியால் வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுவது மட்டும். இடையில் ஒருமுறை பொலியூரித்தேன் புஷ் போட்டேன். மாசிப் பனி விட்டதும் கிரீச் என்று கத்தத் தொடங்கியது, மணல் போனால் இன்னும் மோசம். திரும்ப இறப்பருக்கே வந்துவிட்டேன்.

போன மாதம் மீண்டும் அளந்தேன். முன்பக்கம் 8 மில்லிமீற்றர், பின்பக்கம் 14 மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது. பின் வலப்பக்கச் சொக் அப்சோபரில் ஒயில் ஈரம் தெரிகிறது. இந்த மாரிக்கு முதல் பின் இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கைத் தொடப் போவதில்லை.