முகாம் மாறிய கார்ப், நின்ற இடத்தில் நின்ற லக்கி

2016 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கின் டிரம்ப் டவரில் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் தலைவர்கள் புதிதாகத் தேர்வான அதிபரைச் சுற்றி ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஆப்பிள், அமேசான், ஃபேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களுக்கு நடுவே, அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான, அரசுகளுக்குத் தரவு மென்பொருள் விற்கும் பாலன்டிர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அலெக்ஸ் கார்ப்புக்கும் ஓர் இருக்கை கிடைத்திருந்தது. அந்தத் தேர்தலில் அவர் ஹிலாரி கிளின்டனின் ஆதரவாளர். முந்தைய ஆண்டில், டிரம்ப் மீது தனக்குத் துளியும் மதிப்பில்லை என்று தம் ஊழியர்களிடமே சொல்லியிருந்தார். ஃபேஸ்புக்கின் சார்பில் அங்கே வந்திருந்தவர் ஷெரில் சாண்ட்பெர்க். அதே ஃபேஸ்புக்கில் பணியாற்றிய, டிரம்ப்பை உண்மையாகவே விரும்பிய 24 வயது பால்மர் லக்கி, டிரம்ப் ஆதரவுக் குழுவுக்குப் பணம் கொடுத்ததால் செப்டம்பரில் வெடித்த சர்ச்சைக்குப் பிறகு பொதுவெளியில் தலைகாட்டாமல் இருந்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் இருவருமே டிரம்ப் அரசின் பாதுகாப்புத் துறைக்கு நெருக்கமானவர்களாக நிற்கிறார்கள். கார்ப் முகாம் மாறியவர், லக்கி கொள்கை மாறாதவர் என்பதே பரவலான வாசிப்பு. இந்த வாசிப்பில் பாதிதான் சரி என்பது என் கணிப்பு. எந்தப் பாதி சரி என்பதைப் பார்க்க, இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது பயன்தரும்.

கார்ப் 1967-இல் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர். தந்தை யூத மருத்துவர், தாய் ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர். ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படிக்கையில், பின்னாளில் பெரும் தொழில்நுட்ப முதலீட்டாளரான வலதுசாரி பீட்டர் தியேலுடன் நட்பு ஏற்பட்டது. அரசியலில் இருவரும் அப்போதே எதிரெதிர்த் துருவங்கள். பின்னர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சமூகக் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்ற அவர், தியேலும் பிறரும் 2003-இல் தொடங்கிய பாலன்டிரின் தலைமைக்கு அடுத்த ஆண்டே வந்தார். சிஐஏவின் முதலீட்டுப் பிரிவான இன்-க்யூ-டெல் தொடக்கத்திலேயே பணம் போட்ட நிறுவனம் அது. உளவுத் தரவுகளைக் கோத்துக் காட்டும் மென்பொருளை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, தன்னை இடதுசாரி என்று அழைத்துக்கொண்ட ஒரு தத்துவ மாணவர் தலைவர் என்ற முரண் அன்று பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாக இருந்தது. இன்றும் அவருடைய காலாண்டுக் கடிதங்களில் வருவாய்க் கணக்குக்கு நடுவே தத்துவ மேற்கோள்கள் தலைகாட்டும்.

லக்கியின் கதைக்கு இத்தனை வளைவுகள் இல்லை. 1992-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்து, வீட்டிலேயே கல்வி கற்று, பதின்பருவத்தில் மெய்நிகர் உலகைக் காட்டும், கண்ணில் அணியும் கருவிகளை உருவாக்கினார். அவற்றுக்காக அவர் தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் 2014-இல் 200 கோடி டாலருக்கு வாங்கியது. கிளின்டனைக் கேலி செய்யும் விளம்பரப் பலகைகளை வைத்த ஒரு டிரம்ப் ஆதரவுக் குழுவுக்கு அவர் 10,000 டாலர் கொடுத்திருந்தது 2016 செப்டம்பரில் வெளியானது. 2017 மார்ச்சில் அவர் ஃபேஸ்புக்கைவிட்டு வெளியேறினார். அதற்கு அரசியல் காரணமில்லை என்று மார்க் ஸக்கர்பெர்க் மறுஆண்டு செனட் விசாரணையில் சொன்னார். நம்பியவர்கள் எத்தனை பேரோ! சில மாதங்களிலேயே, பாலன்டிரிலிருந்து வந்த சிலரையும் சேர்த்துக்கொண்டு, அண்டுரில் என்ற ஆயுத நிறுவனத்தை லக்கி தொடங்கினார். அதன் முதல் பொருள்களில் ஒன்று எல்லைக் கண்காணிப்புக் கோபுரம்: சூரிய மின்சாரத்தில் இயங்கும், ஆளில்லாத, சுமார் முப்பதடி உயரக் கம்பம், அதன் உச்சியில் கேமராவும் ரேடாரும். தொலைவில் அசைவது மனிதனா, வாகனமா, ஆடுமாடா என்று மென்பொருளே பிரித்தறிந்து எல்லைக் காவலரின் திரைக்கு அனுப்பிவிடும். எல்லைச் சுவரே தேர்தல் முழக்கமாக இருந்த நாள்களில், லக்கியின் அரசியலும் அவருடைய பொருளும் ஒன்றையொன்று விளக்கின.

கார்ப்பின் முகாம் மாற்றத்தை ஒப்பந்தப் பணத்தால் விளக்குவது எளிது. ஆனால் கணக்கு அப்படி ஒத்துவருவதில்லை. குடியேற்ற அமலாக்க அமைப்பான ஐசிஇக்கு விசாரணை மென்பொருள் தருவதற்கான 4.1 கோடி டாலர் ஒப்பந்தம் பாலன்டிருக்குக் கிடைத்தது 2014-இல், ஒபாமா ஆட்சியில். மென்பொருள் கொள்முதலில் தன்னைப் போட்டியிடவே விடவில்லை என்று ராணுவத்தின் மீதே வழக்குப் போட்டு அது வென்றது 2016 அக்டோபரில். அப்போதும் ஒபாமாதான் அதிபர். பைடன் ஆட்சியின் கடைசி ஆண்டில் மட்டும் உளவுத் தரவுகளைத் திரட்டும் டைட்டன் எனும் தரைநிலைய வாகனத்துக்கு 17.8 கோடி டாலரும், படங்களைச் செயற்கை நுண்ணறிவால் அலசி இலக்குகளை அடையாளம் காணும் மேவன் எனும் ராணுவ அமைப்புக்கு 48 கோடி டாலர் வரையிலும் ஒப்பந்தங்கள் வந்தன. வெளிப்படையாக டிரம்ப் பக்கம் நின்ற லக்கியையும் பைடன் அரசு பட்டினி போடவில்லை. ட்ரோன் தடுப்புக்காகச் சிறப்புப் படைகளின் ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் அண்டுரிலுக்குக் கிடைத்தது. போர் விமானங்களுடன் துணையாகப் பறக்கும் ஆளில்லா விமானத் திட்டத்தில் 2024 ஏப்ரலில் அது தேர்வானது. பென்டகனின் கொள்முதல் அலுவலர்கள் விற்பவரின் வாக்குச்சீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டதற்கு இந்தப் பட்டியலில் அடையாளம் இல்லை. ஆகவே, பணத்துக்காகத்தான் மாறினார் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், மாறாமல் இருந்தபோதும் அவருக்குப் பணம் வந்ததை விளக்கியாக வேண்டும்.

கார்ப்பிடம் மாறாத ஒன்று உண்டு. மேற்கு நாடுகளின் ராணுவ மேலாதிக்கம் காக்கப்பட வேண்டும், அதற்கு மென்பொருள் எழுதுவோர் வெட்கப்படக் கூடாது என்ற எண்ணம் அவரிடம் தொடக்கம் முதலே இருந்தது. ஊழியர் எதிர்ப்பால் 2018-இல் கூகுள் மேவன் திட்டத்திலிருந்து விலகியபோது, அந்த இடத்துக்கு வந்த நிறுவனங்களில் பாலன்டிரும் ஒன்று. 2020-இல் தலைமையகத்தை சிலிக்கான் வேலியிலிருந்து டென்வருக்கு மாற்றினார். ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு, 2022 ஜூனிலேயே கீவ் சென்று ஸெலன்ஸ்கியைச் சந்தித்தார். இந்தக் கோட்டில் லக்கியும் அவரும் அன்றே ஒத்தவர்கள். ராணுவத்தை ஒதுக்காதீர்கள் என்று சக தொழில்நுட்பத்தாரை நோக்கி லக்கியும் 2018-இல் பத்திரிகையில் எழுதினார். வேறுபாடு கட்சியில்தான் இருந்தது. இந்தக் கொள்கைக்கு ஜனநாயகக் கட்சியே போதும் என்று கார்ப் நம்பினார். லக்கிக்கு அந்த நம்பிக்கை ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் 2023 அக்டோபர். ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு, இஸ்ரேலின் பக்கம் நிற்கிறோம் என்று பாலன்டிர் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. 2024 ஜனவரியில் அதன் இயக்குநர் குழு டெல் அவிவில் கூடியது. இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்துடன் உடன்பாடும் ஏற்பட்டது. இஸ்ரேலுக்கு எதிரான அமெரிக்கப் பல்கலைக்கழகப் போராட்டங்களை ஜனநாயகக் கட்சி கண்டிக்கத் தயங்குகிறது என்று, அக்கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்தவர் என்ற உரிமையோடு கார்ப் பொதுமேடையில் சாடினார். ஆனாலும் 2024 தேர்தல் சுழற்சியில் அவருடைய நன்கொடை பைடன் பக்கம் சென்றது என்பதை மறந்துவிடக் கூடாது. டிரம்ப் வென்ற பிறகே பேச்சின் திசை முழுதாகத் திரும்பியது. 2025 ஜூனில் வாஷிங்டனில் நடந்த ராணுவ அணிவகுப்புக்கு நிதியளித்தவர்களின் வரிசையிலும், அக்டோபரில் வெளியான வெள்ளை மாளிகை நடன அரங்கக் கொடையாளர் பட்டியலிலும் பாலன்டிரின் பெயர் இருந்தது.

இஸ்ரேல் விஷயத்தில் அவருடைய கோபம் உண்மையானது என்றே கருதுகிறேன். அதனால் ஊழியர்களை இழக்கவும் அவர் தயாராக இருந்தார். என் ஐயம் வேறொன்றைப் பற்றியது. 2017 ஜனவரியில், முஸ்லிம்களைப் பதிவு செய்யும் ஏட்டை உருவாக்கக் கேட்டால் செய்யமாட்டோம் என்றார் கார்ப். 2019-இல் ஐசிஇ ஒப்பந்தத்தை எதிர்த்து ஊழியர்களே குரல் எழுப்பியபோது, குடியேற்றக் கொள்கையை முடிவு செய்ய வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசினரே ஒழிய, தொழில்நுட்ப முதலாளிகள் அல்லர் என்று கட்டுரை எழுதினார். முதல் கூற்று, விற்பவனுக்கும் ஓர் எல்லை உண்டு என்கிறது. இரண்டாவது, எல்லை போடுவது விற்பவன் வேலையில்லை என்கிறது. இரண்டையும் ஒரே கையில் பிடித்திருந்ததுதான் பழைய கார்ப். 2025 ஏப்ரலில், நாடு கடத்தல் பணிகளை ஒருங்கிணைக்கும் இமிக்ரேஷன் ஓஎஸ் என்ற மென்பொருளுக்காக ஐசிஇயுடன் சுமார் 3 கோடி டாலர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பாலன்டிரின் 2024 வருவாயான 287 கோடி டாலருக்கு முன் இது அற்பத் தொகை. அதைப் பணத்துக்காக எடுத்திருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் வழக்கம்தான் போய்விட்டது. மறுமாதம் 13 முன்னாள் ஊழியர்கள் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் சுட்டியதும், நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலிகளின் சரிவைத்தான். கட்சி மாறியதைவிட இந்த மாற்றம் பெரியது.

லக்கியின் நிலைத்தன்மையையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. 2016 சர்ச்சையின்போது அவரும் மன்னிப்புக் கோரி, மூன்றாம் கட்சியான லிபர்டேரியன் வேட்பாளர் கேரி ஜான்சனுக்கே வாக்களிக்கப்போவதாக எழுதினார். அப்படி எழுதும்படி மேலிட அழுத்தம் இருந்ததாகப் பின்னாளில் செய்தி வந்தது. அதன் பிறகு, 2020-இலும் 2024-இலும் நியூபோர்ட் பீச்சில் டிரம்ப்புக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தினார். அவர் இடம்பெயரத் தேவையில்லாமல் போனதற்கு முதன்மைக் காரணம், சிலிக்கான் வேலியே அவரை நோக்கி நகர்ந்ததுதான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆண்ட்ரூ போஸ்வொர்த் 2024-இல் அவரிடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்; 2025 மே மாதம் மெட்டாவும் அண்டுரிலும் படைவீரர்களுக்கான தலைக்கவசக் கருவியை இணைந்து உருவாக்குவதாக அறிவித்தன; ஜூனில் அதே போஸ்வொர்த்தும் பாலன்டிரின் ஷியாம் சங்கரும் ராணுவ ரிசர்வ் படையில் லெப்டினன்ட் கர்னல்களாகப் பதவியேற்றார்கள். ஹவாய்ச் சட்டையும் ரப்பர் செருப்புமாக மேடையேறும் லக்கி, தம்மை வெளியே அனுப்பிய நிறுவனத்தோடு இன்று தொழில் கூட்டாளி.

இருவரில் எவரை நம்பலாம் என்று கேட்டால், அரசின் பக்கமிருந்து பார்ப்பவருக்கு லக்கி எளிதானவர். என்ன செய்வார், எதை விற்பார் என்பது முன்கூட்டியே தெரியும். எதை மறுப்பார் என்று அவரிடம் எவரும் எதிர்பார்த்ததும் இல்லை. குடிமகனின் பக்கமிருந்து பார்த்தால் கார்ப்தான் கவனத்துக்குரியவர். அவர் ஒரு காலத்தில் எல்லைக் கோட்டை வெளிப்படையாகச் சொன்னவர் என்பதால், அது எங்கே போனது என்று அவரிடம் மட்டுமே கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு நாளும் குறிக்கலாம். சிதறிக் கிடந்த 75 ஒப்பந்தங்களை ஒன்றாகக் கட்டி, 1,000 கோடி டாலர் உச்சவரம்போடு அமெரிக்க ராணுவம் பாலன்டிருடன் 2025-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் காலம் 10 ஆண்டுகள். அதற்குள் 2028, 2032 என இரண்டு அதிபர் தேர்தல்கள் வந்து போகும்.