‘கையிருப்பில் இல்லை’ என்று அழைத்தால் நீங்களாக இரத்துச் செய்யாதீர்கள்

கொழும்பில் இணையவழியாக வீட்டு மின்சாதனங்கள் வாங்குபவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் தளத்தில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைத் தள்ளுபடி விலைக்குப் பதிவு செய்தேன். வங்கி அட்டையில் முழுத் தொகையும் கழிந்தது. பதிவு உறுதி என்று மின்னஞ்சலும் வந்தது. பழைய பெட்டி பழுதாகி, அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்து எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

பெட்டி வரவில்லை, அழைப்புத்தான் வந்தது. "அக்கா, அந்த மொடல் கையிருப்பில் இல்லை. உங்கள் கணக்கில் போய் நீங்களே இரத்துச் செய்துவிடுங்கள், காசு உடனே திரும்பும்" என்றார் ஒரு பையன். முடியாது என்றதும் குரல் மாறியது. அப்படியானால் பணம் வரத் தாமதமாகுமாம். மறுநாள் அவர்களே இரத்துச் செய்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் ‘வாடிக்கையாளரின் வேண்டுகோள்’ என்று இருந்தது. பச்சைப் பொய்!

அன்று மாலையே காலி வீதியிலுள்ள அவர்களுடைய கிளைக்குப் போனேன். அதே மொடல் வாசலருகிலேயே நின்றது, தள்ளுபடி இல்லாத முழு விலையோடு. "இணையத்துக்கு வேறு கையிருப்பு, எங்களுக்கு வேறு" என்றார் முகாமையாளர். அதை எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை.

எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டபோது பலருக்கும் இதே அனுபவம் இருந்தது தெரிந்தது. சலவை இயந்திரம் பதிவு செய்த ஓர் அக்கா அவர்கள் கேட்டபடி தானே இரத்துச் செய்திருக்கிறார். இப்போது அவர் கையில் ஆதாரமில்லை. அந்த அழைப்பின் நோக்கமே அதுதான். ஆனால் என்னை அதிகம் வருத்தியது ஒரு மாமா சொன்னதுதான்: "அவர்கள் பொருள், விற்பதும் விற்காததும் அவர்கள் விருப்பம். காசு திரும்பினால் போதும்தானே பிள்ளை?"

போதாது மாமா. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்பனைக்காகத் தன்வசம் வைத்திருக்கும் பொருளை வியாபாரி விற்க மறுக்கக்கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்வதைத் தடுக்கிறது 16ஆம் பிரிவு.

ஆகவே அப்படி அழைப்பு வந்தால் எதையும் அழுத்தாதீர்கள். உறுதி மின்னஞ்சலையும் தளத்தில் காட்டிய விலையையும் படம்பிடித்து வையுங்கள். கடையில் அதே பொருள் இருந்தால் விலைச்சீட்டோடு அதையும் எடுங்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் எழுத்துமூல முறைப்பாடுதான் முக்கியம், அதற்கு மூன்று மாதக் காலவரையறை உண்டு. நான் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.

பணம் இப்போது அட்டைக்குத் திரும்பிவிட்டது. முறைப்பாட்டை மீளப்பெற்றால் தள்ளுபடிக் கூப்பன் தருவதாக நிறுவனத்திலிருந்து மீண்டும் அழைத்தார்கள். எனக்குக் கூப்பன் வேண்டாம். என் பெயரில் எழுதிய அந்தப் பொய்க் காரணத்தை நீக்கிவிட்டு, உறுதிசெய்த விலைக்கே பெட்டியைத் தரட்டும்.