கொழும்பில் எந்தப் போராட்டக் குழுவோடு சேரலாம்: தெருவா, சங்கமா, வழக்கா, தோட்டமா?

கொழும்பில் போராட்டங்களுக்குக் குறைவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலோ லிப்டன் சுற்றுவட்டத்திலோ அடிக்கடி யாராவது பதாகை பிடித்து நிற்பார்கள். எந்தக் குழுவின் கையில் காரியம் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். கோஷத்தின் சூட்டை வைத்து எடைபோட்டால் ஏமாந்து போவீர்கள். கவனயீர்ப்பு முடிந்து இரண்டு கிழமை கழித்து, கையளித்த மகஜரின் பிரதியோடு அதே கந்தோருக்குத் திரும்பிப் போகிற ஆள் யார் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் நம்பலாம். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

தெரு

இங்கே முன்னால் நிற்பவை அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியமும், 2012இல் மக்கள் விடுதலை முன்னணியிலிருந்து (ஜே.வி.பி.) பிரிந்த முன்னிலை சோசலிசக் கட்சியும், அவற்றைச் சுற்றியுள்ள சிறு அமைப்புகளும். ஆளைத் திரட்டும் வேகத்தில் வேறெவரும் இவர்களுக்கு ஈடில்லை. 2022 ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடிய கூட்டம் ஜூலையில் ஒரு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்கியது. அந்த வெற்றி எந்த ஒரு கட்சிக்கோ ஒன்றியத்துக்கோ சொந்தமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். விலையும் இருந்தது. ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைக் கலைத்தார்கள். மாணவர் ஒன்றிய அழைப்பாளர் ஆகஸ்டில் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார்.

ஊர்வலம் போகிற குழுவிடம் முதலில் பார்க்க வேண்டியது அறிவித்தல் கடிதம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இது அறிவித்தல் மட்டுமே, அனுமதி கேட்பதல்ல. ஆனாலும் பொலிஸார் நீதவானிடம் தடையுத்தரவு வாங்கிக்கொண்டு வருவது கொழும்பில் வழமை. அந்த உத்தரவில் யாருடைய பெயர்கள், எந்த வீதிகள், எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். அதை அங்கேயே படித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆளில்லாத குழு உங்களை நேரே பொலிஸ் ஜீப்பில் ஏற்றிவிடும். சட்டத்தரணியின் இலக்கத்தைத் தொலைபேசியில் அல்ல, கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியைத்தான் முதலில் பறிப்பார்கள். சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கண்வில்லை போடுபவர்கள் அன்றைக்கு மூக்குக்கண்ணாடியோடு போங்கள், கண்ணீர்ப்புகையில் கண்வில்லை பெருந்தொல்லை.

தெருவால் மட்டும் முடியாதது எது என்பதற்கு 2018 ஒக்டோபர் 24 நல்ல சாட்சி. தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலை நிறைத்தார்கள். ஆனால் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் சம்பளம் பேசுகிற கூட்டு ஒப்பந்த மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை. 2019 ஜனவரியில் கையெழுத்தானது 700 ரூபா அடிப்படைச் சம்பளம். ஆயிரம் வந்தது 2021இல், குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கிற சம்பளச் சபை வழியாக.

தொழிற்சங்கம்

அந்தக் கதிரை இருப்பது இங்கே. ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதியலாம் என்கிறது 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். வேலையிடத்தில் 40 வீதமானோர் உறுப்பினரானால், முதலாளி பேச்சுவார்த்தைக்கு வர மறுக்க முடியாது. 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்த திருத்தம் இது. ஏழுக்கும் நாற்பது வீதத்துக்கும் இடையிலான காலம்தான் ஆபத்தானது. பெயர்ப்பட்டியல் கசிந்தால் முன்னால் நின்றவர்களுக்கு இடமாற்றம் வரும், தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களின் வேலையே போகும். அதனால் விஷயம் தெரிந்த சங்கங்கள் முதலில் வெளியில், போர்டிங் அறைகளில் கூடுவார்கள். அந்த நாற்பது வீதம் கைக்கு வரும்வரை சந்தாப் புத்தகம் தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. முதல் கூட்டத்திலேயே வாட்ஸ்அப் குழு திறக்கிற சங்கத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருக்கிற சுதந்திர வர்த்தக வலயங்களில் இன்னொரு பொறி உண்டு. நிர்வாகமே கூட்டுகிற ஊழியர் சபையை "சங்கம்தானே" என்று காட்டுவார்கள். சந்தா இல்லை, வெளிச் சட்டத்தரணி இல்லை, வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது சங்கமல்ல.

வலுவுக்கு உதாரணம் 2011 மே கட்டுநாயக்க. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. கொழும்பு நகருக்குள் கடை, கந்தோர், களஞ்சியம் என்று வேலை செய்பவர்களுக்கு, பாலா தம்பு பல தசாப்தம் நடத்திய சி.எம்.யூ. (இலங்கை வணிக, கைத்தொழில், பொதுத் தொழிலாளர் சங்கம்) போன்ற பழைய பொதுச் சங்கங்கள் தனியாகத் தொடங்குவதைவிடப் பாதுகாப்பானவை. வழக்காடிய அனுபவமும் கோப்புகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

வழக்கு

சுற்றாடல் அமைப்புகள் இங்கே பலமானவை. காலிமுகத்திடலைத் தனியாருக்குக் கொடுத்த ஒப்பந்தத்தை எதிர்த்து சுற்றாடல் மன்றம் போட்ட வழக்கில் 2005இல் உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்தது. 100 கோடி டொலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். பொறுமை உள்ளவர்களுக்கான பாதை இது. உறுப்பினராக நீங்கள் செய்யக்கூடியது படம், மாதிரி, சாட்சி சேகரிப்பதோடு நின்றுவிடும்.

மறக்கக்கூடாத ஒரு காலக்கெடு: உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட, உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தோடு, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். வெறும் பற்றுச்சீட்டு நீதிமன்றத்தில் போதாமல் போகலாம்.

தோட்டக் குழு

கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமல்ல, சிறு வீடுகள் நெருக்கமாக இருக்கிற ஏழைகளின் குடியிருப்பு. வனாத்தமுல்லை, மட்டக்குளி, கொம்பனித்தெரு பக்கம் வீட்டை இழந்து தொடர்மாடிக்குப் போகச் சொல்லப்பட்டவர்களின் குழுக்கள் பத்திரிகையில் அதிகம் வருவதில்லை. ஆனால் தமிழ் பேசுகிறவர் முதல் நாளே வாய் திறக்கக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான். மற்ற மூன்றிலும் கூட்டம் சிங்களத்தில் ஓடும். மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று சேர முன்பே கேளுங்கள்.

நல்ல தோட்டக் குழு வீடு வீடாக ஒரு கோப்பு வைத்திருக்கும்: வாக்காளர் இடாப்புப் பிரதி, தண்ணீர், மின்சாரப் பற்றுச்சீட்டுகள், பழைய கணக்கெடுப்பு அட்டை, ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை. கடைசியானதை விட்டால் மூன்று குடும்பத்துக்கு ஒரே மாடிவீடுதான் மிஞ்சும்.

அதற்குப் பிறகு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் பிழைவிடுவது கேள்வியில். "எங்களை ஏன் அகற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் அல்ல, தர்க்கம். "மீள்குடியேற்றப் பயனாளர் பட்டியலின் பிரதி", "காணி சுவீகரிப்பு அறிவித்தலின் பிரதி", "இன்ன திகதிக் கூட்டத்தின் அறிக்கை" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பத்து விஷயம் அடுக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை நகரும்.

இந்தக் குழுக்கள் உடைவது பெரும்பாலும் தேர்தல் நேரத்தில். தலைவருக்கு மாநகர சபை வேட்பாளர் ஒருவர் வீடு தருவதாகச் சொல்வார், அடுத்த கிழமை கோப்புகள் அவருடைய அலுவலகத்தில் இருக்கும். கோப்பின் மூலப்பிரதி ஒருவர் வீட்டிலும் பிரதி இன்னொருவர் வீட்டிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.